முத்திரையும் மெய்ந்நிலையும்: பாவித்த வரைகலை அட்டைகளின் நம்பகத்தன்மை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு பொருளின் உள்ளீட்டைக் கண்டறிய இயலாத வேளையில், வாங்குவோர் அதன் மேலிடப்பட்ட பெயரை நம்புகின்றனர். வணிக வரலாற்றில் முத்திரை என்பது இத்தேவையினின்றே செல்வாக்குப் பெற்றது எனலாம். கண்டியிலும் பேராதனைச் சுற்றாடலிலும் இன்று பாவித்த கணினி உறுப்புகளை நாடிச் செல்லும் மாணவரிடத்தும் இதே மனப்பாங்கினைக் காணலாம். கிராபிக்ஸ் காட் எனப் பொதுவழக்கில் வழங்கும் வரைகலை அட்டை, கணினியின் உறுப்புகளுள் விலைமிக்கவற்றுள் ஒன்றாகும். திரையில் தோன்றும் உருவங்களைக் கணித்து வரைதல் அதன் ஆதித் தொழில். பொறியியல் மாதிரியாக்கம், செயற்கை நுண்ணறிவு ஆய்வு என்பனவும் அண்மைக்காலத்தில் அதனையே சார்ந்துவிட்டன. புதிய அட்டையை வாங்க வசதியற்ற மாணவர், பாவித்த அட்டையொன்றின்முன் நின்று எழுப்பும் முதல் வினா, ‘எந்த நிறுவனத்தின் அட்டை நம்பத்தக்கது?’ என்பதேயாம்.

இவ்வினா இயல்பானது, எனினும் போதுமானதன்று. வரைகலை அட்டைகளின் கடந்த முப்பதாண்டுக்கால வரலாற்றினை நோக்குமிடத்து, பழுதுகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரைப் பின்பற்றி நிகழவில்லை என்பதும், குறித்த மாதிரி, குறித்த உற்பத்தித் தொகுதி, குறித்த மூலப்பொருள், குறித்த பாவனை முறை ஆகியவற்றையே பின்பற்றி நிகழ்ந்தன என்பதும் புலனாகும். அவ்வுண்மையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலைநாட்டின் முன்னுதாரணம்

முத்திரைக்கும் மெய்ந்நிலைக்குமுள்ள இடைவெளியை உணர்வதற்குக் கண்டி மாணவர் நெடுந்தூரஞ் செல்லவேண்டியதில்லை. கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலையைப் பயிரிட்டார். 1869ஆம் ஆண்டு தோன்றிய இலைநோய் காலப்போக்கிற் கோப்பிப் பயிரை அழித்தொழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பெற்றது. 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் நடைபெற்றது. ஏலத்துக்கு வந்த பெட்டிகளில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரவகையும் பொறிக்கப்பட்டன. நற்பெயர் பெற்ற தோட்டத்தின் தேயிலை கூடிய விலையைப் பெற்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், தோட்டத்தின் பெயரை மாத்திரம் நம்பி எவரும் விலைகூறவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்பட்டது. தரகரும் கொள்வனவாளரும் அதனைச் சுவைத்த பின்னரே மதிப்பிட்டனர். ஒரே தோட்டத்தின் ஒரே செடியிலிருந்து வந்த கொழுந்தாயினும், மழைக்கும் வெயிலுக்கும் ஏற்ப அதன் குணம் மாறுகின்றது. வாட்டுதல், உருட்டுதல், நொதிக்கவிடல், உலர்த்துதல் ஆகியவற்றுள் ஒன்றிற் சிறிது பிழைத்தாலும் ஒரு நாளின் விளைபொருள் முழுவதும் தரங்குன்றிவிடும். எனவே, பெயர் என்பது எதிர்பார்ப்பு. சுவைத்தல் என்பது சான்று. அப்பெட்டிகளின்மேற் பொறிக்கப்பட்ட பெயரின் பின்னால், கொழுந்து பறித்தோரும் ஆலையில் உழைத்தோருமான பெயரறியாத் தொழிலாளர் பலரின் கைகள் மறைந்திருந்தன என்பதும் நினைவிற் கொள்ளற்பாலது. 1925ஆம் ஆண்டு கட்டப்பட்ட பழைய ஆலையொன்றில், 2001ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ஹந்தானைத் தேயிலை நூதனசாலையிற் காணப்படும் பழைய இயந்திரங்கள், ஒரு பெயரின் பின்னால் எத்தனை படிமுறைகள் உள என்பதை இன்றும் புலப்படுத்துகின்றன.

சட்டமும் பொருளியலும்

முத்திரையை நம்பி வாங்குவோரைச் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பதும் சிந்தனைக்குரியது. இலங்கையின் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், 1893ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்தை அடியொற்றியது. வாங்குபவர் தமது தேவையை விற்பனையாளருக்குத் தெரிவித்து அவரது திறமையை நம்பி வாங்கினால், பொருள் அத்தேவைக்கு உகந்ததாயிருத்தல் வேண்டும் என அது விதித்தது. ஆனால், குறித்த பொருளொன்றை அதன் வணிகப் பெயரைச் சுட்டி வாங்கும்போது அத்தகைய உட்கிடையான நிபந்தனை இல்லை என்றும் அது விலக்களித்தது. பெயரை நம்பியவர் விற்பனையாளரை நம்பவில்லை என்பதே இதன் தருக்கம். இங்கிலாந்து இவ்விலக்கினை 1973ஆம் ஆண்டு நீக்கியது. மேலும், அத்தகைய பொருளை விற்பதைத் தொழிலாகக் கொண்டிராத தனியாள் ஒருவர் தமது பழைய பொருளை விற்கும்போது, அதன் தரத்துக்குச் சட்டம் தரும் காப்பு மிகச் சிறிது. எனவே, விடுதி அறையிற் கைமாறும் அட்டையைப் பொறுத்தவரை வாங்குபவரின் விழிப்பே அவருக்குரிய முதற் காவலாகும்.

இச்சந்தையின் இயல்பை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கெர்லொவ் 1970ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிற் பாவித்த கார்களை உதாரணமாகக் கொண்டு விளக்கினார். பொருளின் குறையை விற்பவர் அறிவார், வாங்குபவர் அறியார். ஆகவே வாங்குபவர் சராசரித் தரத்துக்குரிய விலையையே தரச் சம்மதிப்பார். அவ்விலைக்கு நல்ல பொருளை விற்க விரும்பாதோர் சந்தையை விட்டு விலகுவர். குறையுள்ள பொருள்களே எஞ்சும். இந்நிலைக்கு மாற்றாக உத்தரவாதத்தையும் வணிகப் பெயரையும் அவர் குறிப்பிட்டார். இவ்வாய்வுத் துறையிலான பணிக்காக 2001ஆம் ஆண்டு அவர் நோபல் பரிசினைப் பகிர்ந்துகொண்டார். ஆனால் வரைகலை அட்டையைப் பொறுத்தவரை, அந்த வணிகப் பெயர் எதனைக் குறிக்கின்றது என்பதே தெளிவற்றதாகும்.

ஓர் அட்டை, பல கைகள்

வரைகலை அட்டையொன்றின் பெட்டியில் வழக்கமாக இரு பெயர்கள் காணப்படும். ஒன்று சில்லினை வடிவமைத்த நிறுவனத்தின் பெயர். மற்றையது அட்டையை அமைத்து விற்கும் நிறுவனத்தின் பெயர். 1993ஆம் ஆண்டு தோன்றிய என்விடியாவும், 1985ஆம் ஆண்டு கனடாவில் தோன்றி 2006ஆம் ஆண்டு ஏ.எம்.டி. நிறுவனத்துடன் இணைந்த ஏ.ரி.ஐ.யும் சில்லு வடிவமைப்பாளராவர். இவர்களது சில்லுகளிற் பெரும்பாலானவற்றை வார்த்தது, 1987ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாய்வானின் ரி.எஸ்.எம்.சி. ஆலையாகும், 2020ஆம் ஆண்டு வெளிவந்த என்விடியாவின் 30ஆம் வரிசைச் சில்லுகளைத் தென்கொரியாவின் சாம்சுங் வார்த்தது. நினைவகச் சில்லுகள் வேறு நிறுவனங்களினின்று வருவன. அசூஸ், எம்.எஸ்.ஐ., கிகாபைற் போன்ற அட்டை நிறுவனங்கள் இவற்றையெல்லாம் ஒரு பலகையிற் பொருத்தி, குளிர்த்தியும் விசிறியும் மின்வழங்கற் சுற்றும் சேர்த்து விற்கின்றன. ஆகவே, ஒரே அட்டை நிறுவனத்தின் இரு மாதிரிகள் பொதுமையுடைய உறுப்பின்றி இருத்தலும், போட்டி நிறுவனங்கள் இரண்டின் அட்டைகள் ஒரே சில்லைக் கொண்டிருத்தலும் இயல்பேயாம்.

இவ்வமைப்பின் விளைவினைத் தெளிவாக உணர்த்தியது கொள்ளளவிகளின் பழுதாகும். 2000ஆம் ஆண்டினை ஒட்டிய காலத்தில் உற்பத்தியான மின்பகுபொருட் கொள்ளளவிகள் பல, உள்ளிருந்த திரவத்தின் குறையால் வீங்கி வெடித்தன. அவற்றைக் கொள்வனவு செய்து பொருத்திய பல்வேறு நிறுவனங்களின் பலகைகள் ஒருங்கே பழுதுற்றன. டெல் நிறுவனம் 2005ஆம் ஆண்டு இதன்பொருட்டு 300 மில்லியன் டொலரை ஒதுக்க நேர்ந்தது. பெயர்கள் பலவாயினும் நோய் ஒன்றே.

போட்டியாளருக்குப் பொதுவான பழுது

2007, 2008ஆம் ஆண்டுகளின் நிகழ்வுகள் இவ்வரலாற்றின் மையமாகும். மைக்ரோசொவ்ற் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் விளையாட்டுக் கருவியில் ஏ.ரி.ஐ. வடிவமைத்த வரைகலைச் சில்லு இடம்பெற்றிருந்தது. அக்கருவிகள் பெருந்தொகையாகப் பழுதுற்று மூன்று செவ்வொளிகளைக் காட்டலாயின. 2007ஆம் ஆண்டு ஜூலையில் அந்நிறுவனம் உத்தரவாதத்தை மூன்றாண்டாக நீடித்து, ஏறத்தாழ 1.1 பில்லியன் டொலரை அதற்கென ஒதுக்கியது. அடுத்த ஆண்டு, 2008 ஜூலை 2ஆம் நாள், ஏ.ரி.ஐ.யின் நேர்ப் போட்டியாளரான என்விடியா, தனது மடிக்கணினிச் சில்லுகளிற் சில அளவுமீறிப் பழுதுறுவதை ஏற்றுக்கொண்டு 150 முதல் 200 மில்லியன் டொலர் வரை ஒதுக்கப்போவதாக அறிவித்தது. டெல், எச்.பி., ஆப்பிள் ஆகியவற்றின் மடிக்கணினிகள் இதனாற் பாதிக்கப்பட்டன.

இவ்விரு பழுதுகளின் அடிப்படையும் ஒத்த தன்மையது. சில்லு அதன் அடித்தளத்துடன் நுண்ணிய பற்றாசுக் குமிழ்களால் இணைக்கப்படுகின்றது. கருவி இயங்கும்போது சில்லு சூடேறி விரிகின்றது. நிறுத்தும்போது குளிர்ந்து சுருங்குகின்றது. சில்லும் அடித்தளமும் வெவ்வேறளவில் விரிவனவாதலால், ஒவ்வொரு முறையும் குமிழ்கள் இழுபடுகின்றன. அவற்றைத் தாங்கவேண்டிய நிரப்புப்பசை வெப்பத்தில் இளகினால், குமிழ்கள் காலப்போக்கில் வெடிப்புறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டு ஜூலை முதல் மின்னணுப் பொருள்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தியமையே இப்பழுதுகள் அனைத்துக்குங் காரணம் எனப் பலர் கருதினர். எனினும் என்விடியாவின் பழுது, சில்லின் பொதிக்குள் மூலப்பொருள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாமையைச் சார்ந்ததாகும். ‘எந்த நிறுவனம் சிறந்தது?’ என வினவி, ஒன்றை விடுத்து மற்றொன்றை 2007ஆம் ஆண்டளவில் தெரிவுசெய்தவர், அத்தெரிவினாற் காப்பாற்றப்படவில்லை.

பாவித்த பொருளை வாங்குவோருக்கு இந்நிகழ்விலிருந்து மற்றுமொரு படிப்பினையும் உண்டு. இவ்வாறு இறந்த சில்லுகளை உயர் வெப்பத்திற் சூடாக்கினால், வெடித்த இணைப்புகள் சிலவேளை மீண்டும் தொட்டுக்கொண்டு இயங்கத் தொடங்கும். திருத்துநர் சிலர் சூடான காற்றினாலும், வேறு சிலர் வீட்டுச் சூளையிலும் இதனைச் செய்தனர். அவ்வுயிர் நீடிப்பதில்லை, சில நாளிலோ சில மாதத்திலோ பழுது மீளும். விற்பதற்கு அந்த இடைவெளி போதுமானது என்பதே ஆபத்தாகும்.

மாதிரியும் தொகுதியும்

பிற்கால நிகழ்வுகளும் இவ்வுண்மையை வலியுறுத்துவன. வாடிக்கையாளரை நன்கு கவனிக்கும் நிறுவனம் எனப் புகழ்பெற்ற ஈ.வீ.ஜி.ஏ.யின் 1070, 1080 ஆகிய மாதிரிகளிற் சில, மின்வழங்கற் பகுதி மிகையாகச் சூடேறுவதாக 2016ஆம் ஆண்டு குறைகூறப்பட்டன. அந்நிறுவனம் வெப்பங்கடத்தும் பட்டைகளை இலவசமாக வழங்கியது. 2021ஆம் ஆண்டு ‘நியூ வேர்ல்ட்’ என்னும் விளையாட்டின் முன்னோட்டத்தின்போது அதே நிறுவனத்தின் 3090 அட்டைகள் சில இறந்தன. ஏறத்தாழ இரண்டு டசின் அட்டைகளை ஊடுகதிர்கொண்டு ஆராய்ந்த நிறுவனம், 2020ஆம் ஆண்டின் ஆரம்ப உற்பத்தித் தொகுதியிற் பற்றாசிட்டமை செம்மையாக அமையாததே காரணம் எனத் தெரிவித்தது. இங்கு குற்றம் ஒரு பெயருக்குரியதன்று. ஒரு காலப்பகுதியின் உற்பத்திக்குரியது.

ஏ.எம்.டி.யின் 7900 எக்ஸ்.ரி.எக்ஸ். அட்டையின் நிகழ்வு இதனினும் தெளிவானது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில், அந்நிறுவனத்தின் சொந்த வடிவமைப்பிலான அட்டைகளிற் சில அளவுமீறிச் சூடேறுவது தெரியவந்தது. குளிர்த்தியின் ஆவியறையில் நீர் போதாத சிறு தொகுதியொன்றே காரணம் என நிறுவனம் விளக்கியது. அதே சில்லைத் தாங்கி, வேறு குளிர்த்திகளுடன் பிற நிறுவனங்கள் விற்ற அட்டைகளில் இக்குறை இருக்கவில்லை.

நற்பெயரும் அவப்பெயரும் நிலையானவையல்ல என்பதற்கு வன்தட்டுகளின் வரலாறு துணைச்சான்றாகும். ஐ.பி.எம். நிறுவனத்தின் 75ஜி.எக்ஸ்.பி. என்னும் வன்தட்டு, 2000ஆம் ஆண்டினை அடுத்து அடிக்கடி பழுதுற்று வழக்குக்கும் உள்ளாயிற்று. அத்தொழிற்பிரிவு 2002ஆம் ஆண்டின் முடிவில் ஹிட்டாச்சியிடம் கைமாறியது. பல்லாயிரம் வன்தட்டுகளை ஒருங்கே இயக்கும் பக்பிளேஸ் நிறுவனம் பத்தாண்டின் பின்னர் வெளியிட்ட கணக்குகளில், ஹிட்டாச்சியின் வன்தட்டுகள் மிகக் குறைந்த பழுதுடையனவற்றுள் இடம்பெற்றன. அதே கணக்குகளிற் சீகேற் நிறுவனத்தின் 3 ரெராபைற் மாதிரியொன்று மிகுதியாகப் பழுதுற, அதே நிறுவனத்தின் 4 ரெராபைற் மாதிரி நன்கு இயங்கியமையும் காணப்பட்டது.

வரைகலை அட்டைகளுக்கு இத்தகைய நீண்டகாலக் கணக்குகள் அரிது. விற்பனை நிலையங்கள் சில வெளியிட்ட கணக்குகள், திருப்பியனுப்பப்பட்ட பொருள்களின் வீதத்தைக் காட்டுவனவாகும். அவை பெரும்பாலும் வாங்கிய முதன் மாதங்களுக்குரியவை. ஆனால் பாவித்த அட்டையை வாங்குபவர் எதிர்நோக்குவது இளமைப் பழுதையன்று, முதுமைப் பழுதையேயாம். பிறந்த குழந்தைகளின் இறப்பு வீதத்தைக் கொண்டு முதியோரின் ஆயுளைக் கணித்தல் பொருந்தாது.

சந்தையின் வெள்ளமும் கண்டியின் நிலையும்

பாவித்த அட்டைகளின் சந்தையைப் பெருக்கியது மறைகுறி நாணய அகழ்வாகும். 2017ஆம் ஆண்டிலும் மீண்டும் 2020ஆம் ஆண்டின் பின்னரும் அகழ்வோர் அட்டைகளைப் பெருந்தொகையாக வாங்கினர். 2022ஆம் ஆண்டு செப்ரெம்பர் 15ஆம் நாள் எதீரியம் நாணயம் தனது முறையை மாற்றி வரைகலை அட்டைகளின் தேவையை ஒழித்ததும், அவை உலகெங்கும் விற்பனைக்கு வந்தன. அகழ்வில் ஈடுபட்ட அட்டை யாவும் பழுதானவை என்னுங் கருத்து மிகையானது. இடையறாது ஒரே வெப்பநிலையில் இயங்கும் அட்டை, மேலே கூறிய விரிவு சுருக்கத்துக்குக் குறைவாகவே உட்படுகின்றது. ஆயினும் அதன் விசிறி தேய்ந்திருக்கும். வெப்பக் களிம்பு உலர்ந்திருக்கும். நினைவகச் சில்லுகள் நீண்டகாலம் மிகுவெப்பத்தைத் தாங்கியிருக்கும்.

அதே ஆண்டில் இலங்கை பொருளாதார நெருக்கடியுள் வீழ்ந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில வாரங்களில் 360 ரூபாவைத் தாண்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்டது. புதிய அட்டை மாணவரின் கைக்கெட்டாப் பொருளாயிற்று. மின் அடிக்கடி நின்று மீள்வதும், இடிமின்னல் மிகுந்த பருவமாற்றக் காலங்களும், மலைநாட்டின் ஈரப்பதனும் கருவிகளுக்குத் தீங்கு பயப்பன. எனவே, ஒரு மாணவர் மாதக்கணக்கிற் சேமித்த பணம், பிற நாட்டில் எவ்வாறு பாவிக்கப்பட்டது என அறியப்படாத ஓர் அட்டையில் முடங்குகின்றது. கண்டி நகரிலோ கொழும்பு பம்பலப்பிட்டியிலோ வாங்கிய அவ்வட்டை இறந்துபடின், இழப்பு பணத்தளவில் நிற்பதில்லை. இறுதியாண்டு ஆய்வும் தடைப்படக்கூடும்.

கொள்வனவுக்கு முந்திய சோதனை

மேற்கூறிய வரலாறு சில நடைமுறைகளைத் தானே வகுத்துத் தருகின்றது. முதலாவதாக, நிறுவனத்தின் பெயரை விடுத்து, அட்டையின் முழுமையான மாதிரிப் பெயரையும் உற்பத்திக் காலத்தையும் அறிதல் வேண்டும். அம்மாதிரிக்கென அறிவிக்கப்பட்ட குறை உண்டா எனத் தேடவேண்டும். இரண்டாவதாக, பலகையைக் கண்ணாற் பரிசோதித்தல் வேண்டும். வீங்கிய கொள்ளளவி, துரு, சில்லினைச் சுற்றிப் படிந்த பசை, கருகிய மின்னிணைப்பி ஆகியன அட்டையின் கடந்தகாலத்தைக் கூறுவன. மூன்றாவதாக, பழைய சில்லுக்குப் புதிய பெயரைச் சூட்டி ஏமாற்றும் போலி அட்டைகள் உலவுவதால், சில்லின் உண்மையான வகையை உரிய மென்பொருளால் உறுதிசெய்தல் வேண்டும்.

நான்காவது சோதனையே தலையாயது. அட்டையைக் கடும் வேலையில் ஒரு மணித்தியாலமேனும் இயக்கி, வெப்பநிலையையும் விசிறியின் ஓசையையும் திரையிற் தோன்றும் பிசகுகளையும் கவனித்தல் வேண்டும். பின்னர் முற்றாகக் குளிரவிட்டு மீண்டும் இயக்குதல் வேண்டும். சூடாக்கி உயிர்ப்பிக்கப்பட்ட சில்லின் இணைப்பு, பெரும்பாலும் இவ்விரிவு சுருக்கத்திலேயே காட்டிக்கொடுக்கும். எனினும் ஒருமுறை தேறியமை முழு உறுதியன்று. கண்டியின் குளிர்ந்த மாலைப்பொழுதிற் தேறிய அட்டை, விடுமுறையில் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ கொண்டுசெல்லப்படின் அவ்விடத்து வெப்பத்தையும் தாங்கவேண்டும் என்பதும் மறக்கற்பாலதன்று.

இவற்றின் பின்னரே நிறுவனத்தின் பெயர் பொருள்பெறுகின்றது. அப்பெயர் அட்டையின் ஆயுளை உறுதிசெய்வதிலும் பார்க்க, பழுதுற்றபின் பொறுப்பேற்கும் தன்மையையே உணர்த்துகின்றது. சில நிறுவனங்கள் தொடரிலக்கத்தைக் கொண்டு உத்தரவாதத்தைக் கணிக்கின்றன. வேறு சில முதலாவது கொள்வனவின் பற்றுச்சீட்டைக் கோருகின்றன. ஆகவே மூலப் பற்றுச்சீட்டைக் கேட்டுப்பெறல் நன்று. அவ்வுத்தரவாதமும் நிறுவனம் நிலைக்குமளவே நிலைக்கும். 1996ஆம் ஆண்டு வெளிவந்த வூடூ அட்டையினால் உலகப் புகழ்பெற்ற 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம், 2000ஆம் ஆண்டு டிசம்பரிற் தனது சொத்துகளை என்விடியாவுக்கு விற்று மறையலாயிற்று. ஈ.வீ.ஜி.ஏ. 2022ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வரைகலை அட்டைத் தொழிலையே கைவிட்டது. ஆயினும் முன்னர் விற்றவற்றுக்கான உத்தரவாதத்தைக் காப்பதாக உறுதியளித்தது.

தொகுத்து நோக்குமிடத்து, முத்திரை என்பது பொய்யன்று, முழு உண்மையுமன்று. அது பலர் கூடிச்செய்த ஒரு பொருளுக்கு ஒருவர் இட்ட பெயர். பழுதின் வரலாறு அப்பெயரின் கீழே, மாதிரியிலும் தொகுதியிலும் மூலப்பொருளிலும் பாவனையிலும் எழுதப்பட்டுள்ளது. அதனை வாசிக்கக் கற்ற மாணவர் ‘எந்த நிறுவனம்?’ என்னும் வினாவுடன் நின்றுவிடாது, ‘எந்த மாதிரி, எக்காலத்தது, எவர் கையில் எவ்வாறு இயங்கியது, பழுதுற்றால் எவர் பொறுப்பு?’ என்னும் வினாக்களையும் எழுப்புவார். அவற்றுக்கு விடைகூற மறுக்கும் விற்பனையாளரிடத்து, எத்துணைப் பெரிய பெயரைத் தாங்கிய அட்டையாயினும் அதனை வாங்காது திரும்புதலே அறிவுடைமையாகும்.